டெக்சாஸா, விஸ்கான்சினா

அறுபத்தேழாம் வருஷம் ஏப்ரலில், சிதம்பரத்தில் ஹிதாயத்துல்லாவின் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை மேலே படிக்க டெக்சாஸும் கூப்பிட்டது, விஸ்கான்சினும் கூப்பிட்டது. அல்லாஹ் அவரைத் தன் நிழலில் வைத்திருப்பானாக, தனக்கென்று ஒரு சட்டைத் துணிகூடத் தேர்ந்தெடுக்கத் தெரியாத மனிதர். யோசனை கேட்கப் பரங்கிப்பேட்டைக்கு ஆள் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மனைவி ரசியாவின் தாய்மாமா அபுல் ஹசன் வந்து இறங்கினார். பினாங்கில் பதினாறு வருஷம் கடை வைத்திருந்தவர். ஊரில் யார் சபர் புறப்பட்டாலும், கடல் தாண்டிப் பிழைக்கப் போகிற அந்தப் பயணத்துக்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டும். கூடவே கப்பல் சமையல்காரர் அப்துல் வதூதையும் அழைத்து வந்திருந்தார். வதூதின் கப்பல் ஒரு முறை டெக்சாஸ் துறைமுகத்தில் இரண்டு நாள் நின்றதாம்.

மாமா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இந்தப் பக்கம் டெக்சாஸ், அந்தப் பக்கம் விஸ்கான்சின்.

"வெயிலு?"

"நம்ம ஊரு மாதிரியேதான் மாமா. சட்ட முதுவுல ஒட்டிக்கும்," என்றார் வதூது.

"கடலு?"

"இருக்கு. எறா அள்ளலாம்."

"பணம்?"

"டெக்சாஸ்லதான் ஜாஸ்தி. மாசம் நாப்பது டாலர் கூட," என்றார் ஹிதாயத்துல்லா.

"விஸ்கான்சின்ல?"

"அஞ்சு மாசம் பனி. ஏரியெல்லாம் கல்லா உறைஞ்சிடுமாம்."

மாமா சிரித்தார். "ஐஸுல மீனு இருக்கும். மனுஷன் இருப்பானா?"

திரைக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு ரசியா நின்றிருந்தாள். கடலூரில் பள்ளிப்படிப்பை முடித்தவள். கடிதங்களோடு வந்த இரண்டு புத்தகங்களையும் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாளில் முழுசாகப் படித்திருந்தாள். கணவர் ஆய்வுக்கூடம் பற்றிய பக்கங்களோடு நிறுத்திக்கொண்டார். கடைசிப் பக்கங்களில்தான் வீட்டு விஷயம் இருந்தது. டெக்சாஸில் ஆண்கள் விடுதியில் இருவருக்கு ஓர் அறை. குடும்பம் வருவதைப் பற்றி இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம். விஸ்கான்சினில் முதல் நாளே தனி வீடு, குளிருக்குச் சுவரோரம் வெந்நீர்க் குழாய் ஓடும், மனைவிமாருக்குச் சாயங்கால வகுப்பு.

மாமாவின் தாளில் வெயில், கடல், பணம், மீன் என்று வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. தன் பெயர் ஏறவில்லை என்பதை ரசியா கவனித்தாள். வேண்டுமென்று யாரும் விடவில்லை. சபர் என்றால் ஆண் போவான், பெண் காத்திருப்பாள். அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் யோசித்ததில்லை.

"ஐஸுல வெச்ச மீனுதான் மாமா கெட்டுப்போவாம மெட்ராஸ் வரைக்கும் போவுது," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

வதூது வாய்விட்டுச் சிரித்தார். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒனக்கென்ன புள்ள இதுல?"

"எனக்குத்தான் மாமா எல்லாம். நீங்க எழுதுனது ஒத்த ஆம்பளைக்கு. ரெண்டு பேருக்கு எழுதிப் பாருங்க."

"பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு சபர் போனவன் நம்ம ஊருல எவன் இருக்கான்?"

ரசியா திரையை விலக்கி வந்து தட்டைக் கீழே வைத்தாள். "என்னப் பெத்த வாப்பாவ நான் மூணு தடவதான் பாத்திருக்கேன் மாமா. மூணாவது தடவ சபர்லேருந்து வந்தப்ப, கதவத் தொறந்த என்னைப் பாத்து, 'நீ யாரு வூட்டுப் புள்ள?'ன்னு கேட்டாங்க."

தெருவில் ஐஸ்வண்டிக்காரனின் மணி கடந்து போனது. மாமா தேநீரை எடுத்தார், குடிக்கவில்லை. அவர் பினாங்கில் இருந்த பதினாறு வருஷமும் மாமி ரஹ்மத் பீவி பரங்கிப்பேட்டையில்தான் இருந்தாள்.

"மச்சான், கடைசிப் பக்கத்தப் படிச்சுக் காட்டுங்க," என்றாள் ரசியா.

ஹிதாயத்துல்லா இரண்டையும் சத்தமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுண்டியது. "இத நான் பாக்கவே இல்லியே, ரசியா."

"இப்பப் பாத்துட்டீங்கள்ல."

மாமா பேனாவை மருமகனிடம் நீட்டினார். "எழுதுங்க, 'ரசியா'ன்னு ஒரு வரி. எந்தப் பக்கம் போடணும்னு நீங்களே போடுங்க."

ஹிதாயத்துல்லா விஸ்கான்சின் பக்கம் எழுதினார். தன் வாழ்நாளில் அவர் யாரையும் கேட்காமல் எழுதிய முதல் வரி அதுதான்.

"மீனு?" என்றார் மாமா, விடாமல்.

"ஏரி மீனு கெடைக்கும் மாமா," என்றாள் ரசியா.

"ஏரி மீனு!" என்று முகத்தைச் சுளித்தார் அவர்.

அடுத்த வாரம் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கணவனும் மனைவியும் மாமாவுமாக மூவரும் கடலூர் போனார்கள். ரசியா அதுவரை படமே எடுத்துக்கொண்டதில்லை. ஸ்டூடியோ வைத்திருந்த பொன்னுரங்கம், "தலையில துணி இருக்கட்டும்மா, முகம் முழுசாத் தெரியணும்," என்றார். அவள் துப்பட்டியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நேராகப் பார்த்தாள்.

"எந்த ஊருக்குங்க பயணம்?"

ஹிதாயத்துல்லா பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார். "விஸ்கான்சின். டெக்சாஸ விட நல்ல ஊரு." அங்கேயே கடை வைத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடல் கெடையாது. ஆனா ஐஸு இருக்கு. எதுவும் கெட்டுப்போவாது."