வெல்டர் மகளின் மூக்கு

வெல்டருக்கு அந்தத் தொழில் பிடித்துப்போனதற்கு முகக்கவசமும் ஒரு காரணம். பிறவியிலேயே அவருக்குப் பிளந்த உதடு. சின்ன வயதில் யாரோ ஒரு டாக்டர் உதட்டை மட்டும் தைத்து அனுப்பிவிட்டார். மூக்கின் இடது பக்கம் சப்பையாகக் கன்னத்தில் படிந்தது படிந்தபடியே நின்றுவிட்டது.

மகள் பிறந்தபோது நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினாள். அதே பிளவு, அதே இடது பக்கம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "மூக்கும் முழியுமா..." என்று வாயெடுத்துப் பாதியில் விழுங்கினார்கள். தான் கொடுத்த சொத்து இதுதான் என்று நினைத்துக்கொண்டு வெல்டர் தலை நிமிராமல் நின்றார்.

மூன்றாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள்; ஒரு வயதில் அண்ணத்தை மூடினார்கள். மூக்கைத் திருத்த மட்டும் டாக்டரம்மா அவசரப்படவில்லை. "முகம் வளர்ந்து முடியட்டும். பதினெட்டு வயசுல பண்ணிக்கலாம்."

பதினெட்டும் வந்தது. மகள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

ஆஸ்பத்திரி நடையில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருக்காம்மா? விலாவுலேருந்து குருத்தெலும்பு எடுத்து வைப்பாங்களாமே, அதுக்கா?"

"அதில்லப்பா." பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். "ஸ்கூல்ல கேலி பண்ணா, எங்கப்பாவுக்கும் இப்படித்தான்னு சொல்லுவேன். அப்புறம் அவ்வளவா வலிக்காது. இப்ப நான் மட்டும் சரி பண்ணிக்கிட்டா, உங்கள விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு."

மூக்கால் வரும் வெல்டரின் பேச்சு இன்னும் குழறியது.

"விட்டுட்டுப் போம்மா. மாடிப்படி ஏறினா மூச்சுக்குத் திணறுறியே, அதப் பாரு. உனக்கு என்னென்னமோ கொடுக்கணும்னு நெனச்சேன். கொடுத்தது இது ஒண்ணுதான்."

"கோவத்தையும்தான் கொடுத்திருக்கீங்க." மகள் கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் மூக்குக்கு மேல கோவம் வருது. என்ன, நிக்க இடமில்லாம சறுக்கி விழுந்துடுது."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அவள் கையெழுத்தைப் போட்டாள்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. அத்தனை நேரமும் வெல்டர் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலி அவர் கண்ணில் படவே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ரத்தம் கன்றிய தடம். "வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம் ஆகும். ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்காது, முன்னாடியே சொல்லிடுறேன்" என்றார் டாக்டரம்மா. ஆனாலும் மூக்கு நுனி நடுவுக்கு வந்திருந்தது. சரிந்து கிடந்த இடது நாசி எழுந்து நின்றது.

மகள் கண்ணாடியைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். பிறகு வலது நாசியை விரலால் மெல்ல மூடி, மூச்சை இழுத்தாள்.

"வருதுப்பா. இந்தப் பக்கம் காத்து வருது."

வெல்டர் தலையை ஆட்டினார். பதினெட்டு வருஷமாக அந்த முகத்தில் தன்னைப் பார்த்துப் பழகியவர் இப்போதும் தேடிப் பார்த்தார். காணவில்லை. மனசு நிறைந்துதான் இருந்தது. இருந்தும் உள்ளே எதுவோ ஒன்று அறுந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தார்.

லீவு கிடைக்காமல் மில்லில் இருந்த மனைவி போன் செய்தாள்.

"எப்படிங்க இருக்கா?"

"நல்லா இருக்கா." போனை மறு காதுக்கு மாற்றினார். "உன்ன மாதிரி இருக்கா."

அந்தப் பக்கம் மில் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க சாப்டீங்களா?" என்றாள் அவள்.

"இனிமேதான்."