சறுக்கு இறங்காத சாயங்காலம்

மலேசியாவில் பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், களைக்குப் புல் மருந்து அடிக்கும் நாட்களில் பிள்ளைகள் விளையாடும் இரும்புச் சறுக்கு மூன்று ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். ஒரு மழை பெய்த பிறகு தானாக இறங்கும். முதல்முறை எழும்பியது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவரை மருந்து அடிக்கும் குமுதவல்லிதான் காலையிலேயே வந்து, மருந்து படாமல் அதன்மேல் கித்தானைப் போட்டுக் கட்டுவாள். அவள் மகள் ரோகினி அதில்தான் விளையாடுவாள். அன்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திருநாவுக்கரசு, அதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிவிட்டார். சறுக்கு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. நிர்வாகம் அதன் கால்களுக்கு சிமெண்டு ஊற்றியது. அடுத்தமுறை சிமெண்டுக் கட்டிகளோடு எழும்பியது, கொஞ்சம் மெதுவாக.

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, மருந்தடிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்ததால் சறுக்கு தரையிலேயே இருந்தது. உச்சியில் ரோகினி உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல லாரியிலிருந்து இறங்கி நேராக மகளைத் தூக்க வந்தாள் குமுதவல்லி. பத்தடி இருக்கும்போது சறுக்கு பிள்ளையோடு எழும்பிவிட்டது. பதறிப் பின்னால் போனாள், இறங்கியது. முன்னால் வந்தாள், எழும்பியது. பக்கத்து வீட்டு விமலா கிட்டே போனால் அசையவேயில்லை. கூட்டம் கூடிவிட்டது, யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. “இன்னிக்கி இங்க மருந்தே அடிக்கலலா, இதுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சி,” என்றார் மண்டோர். முனீஸ்வரருக்குச் சேவல் பாக்கி இருக்கும் என்று யாரோ சொல்ல, குமுதவல்லி கற்பூரம் ஏற்றக் கிட்டே போனாள். சறுக்கு இன்னும் மேலே போனது; இந்தமுறை அவள் விலகியும் இறங்கவில்லை. “அம்மா, தூக்கும்மா!” என்று பிள்ளை அழுதது. பெற்றவளை மட்டும் ஏன் ஒதுக்குகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

“அக்கா, ஒங்க சட்டையில மருந்து வாடை அடிக்கிதுக்கா. குளிச்சிட்டு வாங்களேன்,” என்றாள் விமலா.

“புள்ள அந்தரத்துல நிக்குது, நான் குளிக்கப் போவணுமா?” என்று எரிந்து விழுந்தவள், வேறு வழியில்லாமல் பைப்படிக்கு ஓடினாள். குளித்து, துணி மாற்றி வந்தபோது சறுக்கு பாதி இறங்கி நின்றுவிட்டது. திரும்பப் போய்த் தலைக்கும் குளித்தாள். அப்புறம்தான் அது தரையைத் தொட்டது. ரோகினி சறுக்கி அவள் மடியில் விழுந்தாள். பிள்ளையின் வலது விலாவில் வருடக்கணக்காகத் தடிப்பு. கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள்; சூட்டுக் கட்டி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். குமுதவல்லி பிள்ளையை எப்போதும் இடது இடுப்பில்தான் வைப்பாள். பிள்ளையின் வலது விலாதான் அவள் வேலைச் சட்டையில் உரசும். இரும்புச் சறுக்கை மூடத் தெரிந்த தனக்கு இது தெரியாமல் போனதே என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

இப்போது வேலை முடிந்த பெண்கள் பைப்படியில் குளித்துவிட்டு வந்து, பத்தடி தள்ளி நின்று சறுக்கைப் பார்க்கிறார்கள். ஒரு விரற்கடை அசைந்தாலும் திரும்பிப் போய்க் குளிக்கிறார்கள். போன மாதம் மண்டோர் தம் பேத்தியைக் கூட்டிப்போக வந்தார். மருந்துப் பம்பைத் தொட்டே பத்து வருடமான மனிதர். சறுக்கு எழும்பியது. சட்டையை முகர்ந்து பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பைப்படிக்குப் போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற குமுதவல்லி சவர்க்காரத்தை அவரிடம் நீட்டினாள்.