திரும்பிப் பார்த்தானா

ஞாயிற்றுக்கிழமை சோபாவிலிருந்து குதித்த குட்டையன் எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே ஈரத்துணி மாதிரி கிடந்தான். நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒன்பது வருடம் எங்கள் வீட்டை அதிகாரம் பண்ணிய நாய். நான் வயரிங் வேலை பார்ப்பவன்; டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். பின்னங்கால் விரலைக் கிள்ளினேன். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"பாரு, உணர்ச்சி இருக்கு. சுளுக்குதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க," என்றாள் மனைவி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு.

"எல்லாத்துக்கும் பதறாத."

மறுநாளும் கிள்ளினேன், மறுநாளும் அதையே சொன்னேன். உண்மையில், ஆபரேஷன் என்று முதுகைப் பிளந்துவிடுவார்களே என்று எனக்குத்தான் பயம்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இடுக்கியால் அதே விரலை அழுத்தினார். கால் இழுத்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அவர் காலைப் பார்க்கவில்லை, குட்டையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் இழுக்கறது கணக்கில்ல சார். அது தண்டுவடம் தானா செய்யறது, மூளைக்குப் போகாது. வலிச்சா திரும்பிப் பார்ப்பான், கத்துவான். வீட்டுல கிள்ளினப்ப திரும்பினானா?"

கரண்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிற லைன் மாதிரி. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் பதிலும் தெரியவில்லை. நான் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"முதல் நாள் திரும்பினான்," என்றாள் மனைவி. "நேத்து திரும்பல."

"சின்ன ஓட்டை போட்டு, கேமரா குழாய் விட்டு, முதுகெலும்புல நழுவின டிஸ்க்கை எடுத்துடலாம். ரெண்டு தையல்தான். முதல் நாளே வந்திருந்தா..." என்று இழுத்தார் டாக்டரம்மா.

மனைவி என்னைக் குற்றம் சொல்லவில்லை. உப்பு குறைந்தாலே ஒரு வாரம் சொல்லிக்காட்டுகிறவள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மூச்சு விடவாவது முடிந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்துக் கூட்டிவந்த அன்று பார்த்தேன். காயம் சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை. இதற்காகவா இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்? அவமானமாக இருந்தது.

மனைவி தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "கிள்ளுங்க," என்றாள். இரண்டு வாரத்தில் அவளாக என்னிடம் பேசியது அதுதான்.

கிள்ளினேன். கால் வெடுக்கென்று இழுத்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். குட்டையன் அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தான். நகம் பதிய அழுத்தினேன். அவன் நக்குவதை நிறுத்தவில்லை.