பத்து நாள் திறக்கக் கூடாத வாளி

ஜனவரி தொடக்கத்தில் டெல்ஃபின் கெசனிக் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னாள். பகல் வேலை. ஏரிக்கரையில் அவள் நடத்தும் சின்ன பியர் ஆலையில் தொட்டி கழுவ, மூட்டை தூக்க, மெல்ல மெல்லக் காய்ச்சப் பழக ஓர் ஆள் தேவை. மார்ச் முதல் தேதியிலிருந்து.

நான் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். பதினோரு வருடமாக சீஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட். என் மனைவி ஜெனெல் பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். நான் காலை ஏழு இருபதுக்கு வீட்டுக்கு வருவேன். அவள் ஏழு நாற்பதுக்குக் கிளம்புவாள். ஞாயிறு தவிர, எங்கள் கல்யாணம் அந்த இருபது நிமிடம்தான்.

போன நவம்பரில், தேங்ஸ்கிவிங் பண்டிகை விருந்து முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இன்னொரு குளிர்காலம் இப்படி ஓட்ட என்னால முடியாது, வெண்டல். நமக்கு சண்டை போடக்கூட நேரம் இல்ல." அவள் மிரட்டுகிறவள் இல்லை. அதனால்தான் பயந்தேன்.

டெல்ஃபினிடம் நான் வீட்டில் காய்ச்சிய கறுப்பு பியரை ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல செத்த எலி விழுந்திருந்தாலும் தெரியாது. வெளுப்பா, லேசா ஒண்ணு காய்ச்சிக் கொண்டா. டெட்நாங் போடு. அந்த மணத்தை நான் தேடக் கூடாது, அதுவா வரணும். வந்தா வேலை உனக்கு."

டெட்நாங் ஒரு ஜெர்மன் ஹாப் பூ; பியருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்தான். இப்போது எல்லோரும் அள்ளிப் போடும் ரகங்கள் மாம்பழம், பைன் பிசின் என்று மூக்கில் அறையும். இது அப்படியில்லை. காய்ந்த புல், கொஞ்சம் தேன், கடைசியில் துளி மிளகு. கொதிக்கும்போதே போட்டால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்துவிட்டுப் போட வேண்டும். நொதித்து அடங்கியபின் இன்னொரு பிடி.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஆர்வில் கடைதான்.

"என்ன வேணும், ராக்கோழி?"

"டெட்நாங். மூணு அவுன்ஸ்."

"உன் முரட்டுக் கைக்கா? போன கோடைல நீ காய்ச்சினதைக் குடிச்சிட்டு என் மச்சான் மூணு நாள் பைன் மரமா ஏப்பம் விட்டான்."

"டெல்ஃபின் கேட்டிருக்கா. வேலைக்கு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். ஃப்ரீசரைத் திறந்து பொட்டலத்தை எடுத்தவன் கையில் தராமல் வைத்துக்கொண்டான்.

"அப்ப ஒழுங்கா கேளு. நொதிக்கிறப்போ வாயு மேல வந்துட்டே இருக்கும், காத்தை உள்ள விடாது. அடங்கிட்டா அந்தக் காவல் கிடையாது. பூவைப் போடு, மூடு, பத்து நாள் அந்தப் பக்கமே போகாத. மூக்கை உள்ள விட்டே, தொலைஞ்சே."

"பதினஞ்சு வருஷமா காய்ச்சறேன், ஆர்வில்."

"முரட்டுச் சரக்கு காய்ச்சினே. அது உதை தாங்கும். இது தாங்காதுய்யா."

காய்ச்சினேன். அதில் ஒரு குறையும் இல்லை. நிலவறையில் குளிர் சரியாக இருந்தது. இரண்டரை வாரத்தில் நொதிப்பு அடங்கியது. பூவைத் துணிப்பையில் கட்டி வாளிக்குள் போட்டு மூடினேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராகக் கீழே இறங்கினேன். பை மூழ்கியிருக்கிறதா என்று பார்க்க மட்டும். மூடியின் ஓரத்தை நெம்பினேன். மணம் முகத்துக்கு வந்தது.

பதினோரு வருடமாக உப்புத் தண்ணீரும் ப்ளீச்சும் சூடான பிளாஸ்டிக்கும்தான் என் மூக்குக்குத் தெரியும். அவை தோலில் ஏறிவிட்டன, குளித்தாலும் போகாது. நான் அங்கேயே நின்றேன்.

"வெண்டல், காபி ஆறுது!" மேலிருந்து ஜெனெல்.

"வரேன்."

மேலே போனபோது அவள் கிளம்பக் கோட்டு போட்டிருந்தாள்.

மறுநாளும் திறந்தேன். அதற்கு மறுநாளும். தெரியாமல் செய்யவில்லை. காற்று உள்ளே போகிறது, வெளியே வரும் மணம் இனி பியருக்குள் திரும்பாது, எல்லாம் தெரியும். ஷிஃப்டில் பெட்டி பெட்டியாக சீஸ் நகரும்போது, இன்று திறக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். ஏழு இருபதுக்கு என் கால் நிலவறைப் படியில் இருக்கும். பத்து நாளும் திறந்தேன். சில நாள் பத்து நிமிடம் நின்றேன்.

பிறகு பீப்பாய்க்கு மாற்றி, வாயு ஏற்றி, குளிரில் வைத்தேன். பிப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை ஒரு பாட்டிலில் பிடித்து டெல்ஃபினிடம் கொண்டுபோனேன்.

கிளாசில் ஊற்றினாள். நிறம் நன்றாக இருந்தது. நுரை நன்றாக இருந்தது. முகர்ந்தாள். கிளாசைச் சுழற்றி மறுபடி முகர்ந்தாள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டாள். தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு ஒரு வாய் குடித்தாள்.

"ஈர அட்டைப்பெட்டி வாசனை," என்றாள். "காத்து பட்டிருக்கு. திறந்தியா?"

"இல்ல."

"காய்ச்சினது சுத்தமாத்தான் இருக்கு. பூவும் நல்ல பூ. யாரோ எல்லாத்தையும் முன்னாடியே மோந்து முடிச்சிட்டாங்க. கிளாசுக்கு மிச்சம் இல்ல."

கிளாசில் இருந்ததைத் தொட்டியில் கொட்டினாள்.

"மில்வாக்கியிலேருந்து ஒருத்தனும் இதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்தான். சுமார்தான். ஆனா மூடி வச்சிருக்கான்." பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். "உன்னைத்தான் எடுக்கணும்னு இருந்தேன், வெண்டல்."

வீட்டில் ஜெனெல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கிடைக்கல," என்றேன். "பத்து நாளும் திறந்துட்டேன்."

"தெரியும். மூடி நெம்பற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அதுக்குத் தினம் ஏதோ செஞ்சாகணும் போலன்னு நெனச்சேன். நமக்காகத்தானேன்னு விட்டுட்டேன்." மேசைமேல் கிடந்த துணியை மடித்தாள். "ஒரு நாள்கூட நீ முதல்ல மேல வரல. நான் காபியை வச்சுட்டு மணியைப் பாத்துட்டு நிப்பேன்."

நான் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்படி மணந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். கிரீன் பே நகரில் இருக்கும் தங்கையிடம் பேசிவிட்டதாகவும், அங்கே மாடியறை காலியாக இருப்பதாகவும் சொன்னாள். எப்போது பேசினாய் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பத்து நாளில் ஏதோ ஒரு காலையாக இருக்கும்.

என் ஃபோன் அடித்தது. ஷிஃப்ட் மேற்பார்வையாளர்.

"ஒருத்தன் லீவு போட்டுட்டான், வெண்டல். ஞாயித்துக்கிழமையும் வர முடியுமா? இனிமே எல்லா ஞாயிறும்னாலும் சரிதான்."

ஜெனெல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன்.

"வரேன்," என்றேன்.