ராட்டைக்குப் பக்கத்தில்

இன்றைக்கும் காலை எட்டு மணிக்கே என் மனைவி சங்கரி, தறியில் இருந்த எனக்குப் பின்னால் ராட்டையோடு உட்கார்ந்து, குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே பேசத் தொடங்கிவிட்டாள். யாரிடம் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒருவர் இல்லை என்று முப்பது வருஷமாகக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிவந்தவன் நான். இல்லாத ஒருவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. ஆனாலும் வயிறு எரிகிறது.

இந்த ஊரில் சாமிகளுக்கா பஞ்சம்? கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே விபூதியை என் நெற்றிக்கு நீட்டுவாள், நான் தலையை இழுத்துக்கொள்வேன். அந்தச் சாமிகளில் ஒருவர் மேலும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. அவர்களிடம் அவள் கேட்டதெல்லாம் எனக்கும் தெரிந்த சங்கதிகள்தான். என் முட்டிவலி தீர வேண்டும், பையன் அரியர் முடிக்க வேண்டும்.

பையன், பிரேம்நாத். பத்தொன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் வாலாஜாபாத் சாலையில் பைக்கோடு போய்விட்டான். சடங்கு எதுவும் வேண்டாம் என்றேன். பதினாறாம் நாள் அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சங்கரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "செத்தா முடிஞ்சுது சங்கரி. பேசிக்கினே இருந்தா இன்னா, திரும்பி வந்துடுவானா?" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் அவள் அவன் பேரையே எடுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து எதிர்வீட்டு துர்காதேவியோடு ஏனாத்தூர் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சண்டைக்குப் போனேன்.

"உங்க ஏசு அவ்ளோ நல்லவருன்னா புள்ளைய ஏன் சாவ வுட்டாரு? கேட்டியா?"

"தெனம் கேக்கறேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒன்னியும் சொல்லல." அறுந்த நூலை முடிந்துகொண்டே சொன்னாள். "ஆனா பேசாதன்னும் சொல்லல."

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பித் தறியில் போய் உட்கார்ந்தேன்.

தறிச் சத்தத்தில் அவள் அவரிடம் பேசுவது எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவனுக்கு அது ஒரு சத்தமே இல்லை. ஆனால் தறி நின்றால் அவளும் வாயை மூடிக்கொள்வாள். அதனால் நான் நிறுத்துவதில்லை. நடுவில் டீ குடிக்க எழுவதைக்கூட விட்டுவிட்டேன். "இன்னா சபாபதி, வயசு திரும்புதா? இவ்ளோ சீக்கிரம் பொடவைய முடிச்சிட்டு வர்ற" என்று நெசவாளர் சொசைட்டியில் கேலி செய்கிறார்கள்.

அப்படித்தான் பலதும் தெரிந்துகொண்டேன். பிரேம்நாத் என் மேடைக் குரலில் பேசிக்காட்டி அவளைச் சிரிக்கவைப்பானாம். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்ததாம். என் பிள்ளையைப் பற்றிய சேதியெல்லாம் அவருக்குப் போகிறது. நான் திருட்டுத்தனமாக ஒட்டுக்கேட்கிறேன்.

இன்று அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்தச் சாவி, ஆண்டவரே" என்றாள்.

மழையில் பைக்கை எடுக்கக் கூடாது என்று அன்று சாவியை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தவன் நான். எப்படியோ தேடி எடுத்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"கெஞ்சினான் ஆண்டவரே. நான்தான் எடுத்துக் குடுத்தேன். எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லணும்னு தெனம் வாய் வரிக்கும் வருது, முடியல."

கோபம் வந்தது. சாவிக்காக இல்லை. இதைப் போய் அவரிடம் சொல்கிறாளே என்றுதான். செத்தது அவர் பிள்ளையா? மன்னிப்பதென்றால் நான் அல்லவா மன்னிக்க வேண்டும்? பத்தடி தூரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, தாரைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்துவிட்டது. எப்போதும் "தாரு" என்று சொல்லி இடது கையைப் பின்னால் நீட்டுவேன். அவள் எழுந்துவந்து புதுத் தாரை உள்ளங்கையில் வைப்பாள். இப்போது கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

"அவரு என்னைய மன்னிப்பாரா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க ஆண்டவரே."

மிதியை மாற்றி மிதித்துக் கயிற்றை இழுத்தேன். நூல் இல்லாத நாடா அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி இழுத்தேன். இந்தப் பக்கம் வந்தது. பலகை அடித்தது. புடவை ஓர் இழைகூட வளரவில்லை.

பின்னால் ராட்டை நின்றுவிட்டது; வெறும் நாடாவின் சத்தம் அவளுக்கும் தெரியும். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நான் தறியை நிறுத்தாமல், "தாரு" என்று கேட்காமல், இடது கையைப் பின்னால் நீட்டி விரித்தேன்.