கூப்பிட்டவுடன் வராத நடைக்கோட்டை

நடைக்கோட்டையைக் கேமிலிருந்து தூக்கிவிடலாம் என்று கத்திரி சொன்னபோது, என் கையிலிருந்த காப்பி அவர் சட்டை மேல் போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

கத்திரி எங்கள் அணித் தலைவர். அவரைப் பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "இது தேவையா?" என்று கேட்டு வெட்டுகிறவர் என்பதால் அலுவலகத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் இது தெரியும், அதில் அவருக்குப் பெருமை வேறு.

நாங்கள் செய்வது ஒரு போர் கேம். ஏதோ ஒரு கிரகத்தில் இரண்டு படைகள் மோதும். விளையாடுகிறவர் மேலேயிருந்து மொத்தக் களத்தையும் பார்ப்பார். ஒரு வீரனையோ வண்டியையோ மவுஸால் தட்டினால் அது குரல் கொடுக்கும், போக வேண்டிய இடத்தைக் காட்டினால் கிளம்பும். அந்தப் படையில் நடைக்கோட்டை என்பது இரண்டு கால் இயந்திரம். மூன்று மாடி உயரம், தோளுக்கு ஒரு பீரங்கி, தலையில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஓட்டுநர். அதை நடக்க வைத்தது நான். முழங்கால் எப்போது மடங்க வேண்டும், பாதம் பதிந்ததும் இடுப்பு எவ்வளவு இறங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அதனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கட்டிய புருஷனோடு சேர்ந்தாற்போல் அத்தனை நாள் இருந்ததில்லை. அவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நான், என் மாமனார், மாமியார் மூன்று பேர்தான்.

நடைக்கோட்டையிடம் ஒரே ஒரு குறை, மெதுவாக நடக்கும். அத்தனை இரும்பைத் தூக்கிக்கொண்டு குடுகுடுவென்று ஓடினால் பொம்மை மாதிரி இருக்காதா? இதைக் கத்திரியிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

"டெஸ்டர்கள் யாரும் அதைத் தொடவே மாட்டேங்கிறாங்கம்மா," என்றார் அவர். "சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம் ஆடி அசைஞ்சு வந்து சேருது. வர்ற வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை விளையாடக் குடுப்போம். அன்னைக்கும் யாரும் எடுக்கலைன்னா வெட்டிடலாம்."

"அது கனமான வண்டி சார். கனமாத்தான் நடக்கும்."

"கனம் இருந்துட்டுப் போகட்டும். தேவையா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குறைந்தபட்சம் காலடிச் சத்தமாவது கேட்கிறவர் வயிற்றைக் கலக்க வேண்டும் என்று முடிவு செய்து, எங்கள் ஒலிப்பதிவாளரிடம் ஒரு மைக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஒலிப்பதிவாளரைக் காது என்று கூப்பிடுவோம். பக்கத்து அறையில் யாராவது பெருமூச்சு விட்டாலும் யார் விட்டது என்று சொல்லிவிடுவான்.

கூடத்தில் கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் காலி கேஸ் சிலிண்டரைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். நல்ல சத்தம். மாமா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்த வண்டியைவிட வேகமாக அவர் வீட்டுக்குள் நடந்து நான் பார்த்ததில்லை. நான் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து அத்தை கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க!"

"ம்."

"என்னங்க, அந்த மேல் தட்டு டப்பாவை எடுத்துக் குடுங்களேன்."

"வர்றேன்."

"என்னங்க!"

"வர்றேன்னு சொன்னேன்ல!"

"எப்ப வருவீங்க?"

"காலைக் கழட்டிக் கையில குடுக்கட்டுமா? எடுத்துட்டுப் போறியா?"

இது எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான். அத்தை கூப்பிடுவார், மாமா நாற்காலியிலிருந்தே பதில் கொடுப்பார், கடைசியில் அத்தையே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொள்வார். நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் பதிவை அப்படியே கொண்டுபோய் ஒலிப்பதிவாளரிடம் கொடுத்தேன்.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது.

"அக்கா, இது யாரு?"

"மாமனார். அதை விடு, காலடி எப்படி இருக்கு?"

"காலடி கிடக்கட்டும். நடைக்கோட்டைக்கு இன்னும் குரலே போடலை. நடிகர் வர்ற வரைக்கும் சும்மா இவரைப் போட்டு வைக்கட்டுமா?"

வேலை நடக்கும்போது இப்படித் தற்காலிகமாக எதையாவது போட்டு வைப்பது எங்கள் வழக்கம். சரி என்று தலையாட்டிவிட்டு என் இடத்துக்குப் போனேன். மத்தியானத்துக்குள் டெஸ்டர்கள் அறையிலிருந்து ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், ஒவ்வொரு திரையிலும் என் நடைக்கோட்டை நின்றுகொண்டிருந்தது. ஒரு தட்டு தட்டினால் "ம்." இன்னொரு தட்டுக்கு "வர்றேன்." மூன்றாவது தட்டுக்கு "வர்றேன்னு சொன்னேன்ல!" அதற்கு மேலும் தட்டினால், காலைக் கழட்டிக் கையில் கொடுக்கட்டுமா என்று மூன்று மாடி உயரத்திலிருந்து கேட்டது. அதன்பிறகுதான் ஆடி அசைந்து கிளம்பியது. இத்தனை நாள் அதன் மந்த நடையைத் திட்டித் தீர்த்தவர்கள், அந்த நடைக்காகவே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கத்திரியும் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். கடைசியில் அவருக்கும் வாயெல்லாம் பல்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இவர் குரல்லயே எல்லா வசனமும் வேணும்," என்றார். "சுடும்போது, அடிபடும்போது, கடைசியா விழும்போது. பாதி இவரு, பாதி வேற ஆளுன்னா அசிங்கமா இருக்கும். முழுசா வந்தா உன் கோட்டை நிக்கும். இல்லைன்னா வெட்டுத்தான்."

அன்று சாயங்காலம் வீட்டில் பதிவைப் போட்டுக் காட்டினேன். மாமா நம்பவே இல்லை.

"இது நானா? நான் இவ்வளவு மோசமாவா பேசுறேன்?"

"இல்லை," என்றார் அத்தை. "இதைவிட மோசமா."

ஆனால் ஸ்டுடியோவுக்கு வந்து பேச வேண்டும் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் முகச்சவரம், இஸ்திரி போட்ட சட்டை, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு எல்லாம் ஆனது. செருப்பைத் தேடும்போதே செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேச ஆரம்பித்தார்.

ஸ்டுடியோ என்றால் இரண்டு சின்ன அறைகள், நடுவில் தடிமனான கண்ணாடி. அந்தப் பக்கம் பேசுகிறவர், இந்தப் பக்கம் நாங்கள். ஒரு சத்தம்கூடக் கண்ணாடியைத் தாண்டாது. எங்கள் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பேசினால்தான் அவர் ஹெட்போனில் கேட்கும். ஒலிப்பதிவாளர் காது பொத்தானை அழுத்தி, "ஐயா, உங்க கோட்டையைக் கூப்பிடுறாங்க, சலிப்பா பதில் சொல்லுங்க," என்றான்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம். நான் இதோ வந்துகொண்டிருக்கிறேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். காது அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் மாமா, "சொல்லுங்க தம்பி," என்றார். ஒரு இம்மியாவது சலிப்பு? கிடையாது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "சொல்லும்மா," என்று சிரித்தார். கத்திரியே வந்து மிரட்டிப் பார்த்தார். மாமா எழுந்து நின்று அவருக்கு மரியாதை கொடுத்தார். வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற மனுஷர், வெளியே வெண்ணெயாக உருகுகிறார். எரிச்சல் என்னும் கதவுக்குச் சாவி உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி அனுப்பி அத்தையை வரவழைத்தேன்.

அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. பொத்தானைப் பற்றிக் காது விளக்கினான்.

"அழுத்தினா அவருக்குக் கேட்டுத்தான் ஆகணுமா?" என்றார் அத்தை.

"ஆமாம்மா."

"வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு அழுத்தினார். "என்னங்க!"

"சொல்லும்மா," என்றார் மாமா, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"என்னது, சொல்லும்மாவா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மாமாவின் புருவம் லேசாக ஏறியது.

"நீங்க கிளம்பும்போது மொட்டைமாடிக் கதவைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேன்."

"நல்லா இழுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"பூட்டினேன்னு சொல்றேன்ல! வேணும்னா நீயே போய்ப் பாரு!"

கிடைத்துவிட்டது என்று காது மேசையைத் தட்டினான். அதன்பிறகு அத்தையை யாரும் தூண்டிவிட வேண்டியிருக்கவில்லை. பல வருட நிலுவை எல்லாம் அந்தச் சிவப்புப் பொத்தான் வழியாகப் போனது. பீரங்கி சுடும்போது சொல்ல, "இந்தா, போதுமா? இன்னும் வேணுமா?" கிடைத்தது. அடிபடும்போது சொல்ல, "எல்லாப் பக்கமும் நானே பாத்துட்டு இருக்க முடியுமா?" கிடைத்தது. மாமா செய்தி வாசிப்பதை அடியோடு மறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பதில் கொடுத்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கடைசி வசனம் மட்டும் வரவில்லை. கோட்டை உடைந்து விழும்போது ஓட்டுநர் ஏதாவது சொல்ல வேண்டும். மாமா யோசித்துவிட்டு, "ஆ. நான் வீழ்ந்தேன்," என்றார். இன்னும் உணர்ச்சியாக என்று கேட்டதற்கு, "ஆ! நான் வீழ்ந்துவிட்டேன்!" என்றார். அத்தை எவ்வளவு சீண்டினாலும் எரிச்சல்தான் வந்தது. எரிச்சலோடு யாராவது சாவார்களா? அடுத்து பதிவுக்கு வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். அது கிடைக்கவில்லை என்றால் கத்திரி கணக்கில் முழுசு இல்லை. என் இரண்டு வருடமும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, நேரமாச்சு, கிளம்பச் சொல்றேன்," என்று அத்தை எழுந்தார். பொத்தானை மறந்துவிட்டார். கண்ணாடியைப் பார்த்து "என்னங்க!" என்றார். மாமா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அத்தை மறுபடியும் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடி நெஞ்சைத் தடவினார்.

நாற்காலி விழுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"இதோ வந்துட்டேன்," என்றார் மாமா. அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "வந்துட்டேம்மா, இதோ வந்துட்டேன்..."

ஹெட்போன் பறந்தது. இரண்டு கதவுகளைத் தாண்டி, நான் திரும்புவதற்குள் அவர் எங்கள் அறையில் நின்றார். ரோடு ரோலர் மனுஷர் ஓடி வந்திருந்தார்.

"என்ன ஆச்சு? எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலை. கிளம்பலாமான்னு கேட்டேன். எதுக்கு இந்த ஓட்டம்?"

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்கா இந்தக் கத்து கத்தினே?"

"நான் எங்க கத்தினேன்? உங்களுக்குத்தான் சத்தமே வந்திருக்காதே."

"அதான்," என்றார் மாமா. சொல்லிவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. காது மெதுவாக மேசையைக் காட்டினான். பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது.

"மாமா," என்றேன், "நீங்க இப்ப சொன்னதை எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. இன்னொரு தடவை ஓட என்னால முடியாது."

வெள்ளிக்கிழமை எல்லா டெஸ்டர்களும் நடைக்கோட்டையைத்தான் எடுத்தார்கள். முதல் அரை மணி நேரம் சிரிப்பும் கூத்துமாக இருந்தது. பிறகு ஒருவருடைய கோட்டை எதிரிகள் நடுவில் மாட்டி, முழங்கால் உடைந்து சாய்ந்தது. "இதோ வந்துட்டேன். வந்துட்டேம்மா, இதோ வந்துட்டேன்..." அந்த அறையில் யாரும் மவுஸைத் தொடவில்லை. அதற்கப்புறம் அவர்கள் விளையாடிய லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். பழுதுபார்க்கும் வண்டிகள் அத்தனையையும் கோட்டைக்குப் பின்னாலேயே அனுப்பினார்கள். தலைமையகம் பற்றி எரிந்தபோதுகூட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாரும் தோத்துட்டீங்களே!" என்றார் கத்திரி.

"பரவாயில்லை சார்," என்றான் ஒரு டெஸ்டர். "அவர் பொழைச்சிட்டாரு."

கத்திரி என் பக்கம் திரும்பினார். "சரிம்மா, இருக்கட்டும். நடையை மட்டும் கொஞ்சம் வேகமா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டார்.

கேம் வெளிவந்ததும் வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். மாமா ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தம் அதிகம் என்று பேப்பருக்குத் திரும்பிவிட்டார். அத்தைதான் பிடித்துக்கொண்டார். அவர் விளையாடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். முதலில் ஒரு நடைக்கோட்டை கட்டுவார், அதை முகாமின் மூலையில் நிறுத்துவார், சுற்றிலும் மதில் எழுப்புவார், பழுதுபார்க்கும் வண்டிகளை வரிசையாக வைப்பார். அப்புறம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்.

"அத்தை, அதைச் சண்டைக்கு அனுப்பணும். அதுக்குத்தான் அது இருக்கு."

"ஒண்ணும் வேணாம். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"இப்படியே விட்டா எதிரி வந்துடுவானே?"

வரத்தான் செய்தான். படை மதிலை இடிக்க ஆரம்பித்தும் அத்தை அசரவில்லை. கையை நீட்டிக் கணினியையே அணைத்துவிட்டார். அந்தக் கடைசி வசனத்தை இன்றுவரை அவர் கேமில் கேட்டதில்லை. பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, சாப்பிட வாங்க!"

"ம்," என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அத்தை தட்டு எடுத்துவைக்க எழுந்தார்.