கரையில் வாசித்த தாள்

...எதுக்கு வாசிச்சாங்க மேம், அவங்களுக்குத்தான் ஸ்பானிஷ் தெரியாதே, என்று கடைசி பீரியடில் மது இந்தியில் கேட்டதும் வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், பதினோராம் வகுப்புக்கு வருஷாவருஷம் நடத்துகிற சரித்திரம்தானே... ஸ்பெயின்காரர்கள் அமெரிக்கக் கரையில் இறங்கியதும் அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு ஸ்பானிஷில் ஒரு தாளை வாசிப்பார்கள், எங்கள் ராஜாவுக்கு அடங்குங்கள், இல்லாவிட்டால் போர், வருகிற கேடெல்லாம் உங்கள் குற்றம், சில சமயம் ஆளில்லாத குடிசைகளைப் பார்த்துக்கூட... வாசித்தாயிற்று என்று எழுத்தர் சாட்சி எழுதிவிடுவார், பதில் வராவிட்டால் திமிர் என்று அர்த்தம். வீடு திரும்பும் மெட்ரோவில் உட்கார இடம்கூடக் கிடைத்துவிட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் எங்கே போயிற்று?

என் மகள் ஸ்நேகாவுக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். குர்காவ்னில் தனி வீடு பார்த்துக்கொண்டு போய் எட்டு மாதம், அவள் காதலித்தவனைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக... போனில் கூப்பிட்டால் என் குரல் ஏறிவிடும், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டால் லீவ் லெட்டர் மாதிரி இருக்கும், எனக்கு அழத் தெரிந்ததே தமிழில்தான், அதனால் பக்கம் பக்கமாகத் தமிழில். அவள் தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்க மாட்டாள். எனக்குத் தெரியாதா? தமிழ்ப் பள்ளி வேண்டாம், டெல்லியில் இந்தியும் இங்கிலீஷும் போதும் என்று அவள் அப்பாவோடு மல்லுக்கு நின்றவளே நான்தானே. தெரிந்தே எழுதினேன், எழுதிவிட்டால் என் கடமை தீர்ந்தது என்றா... அக்கா மாதங்கி போன் பண்ணும்போதெல்லாம், நான் மன்னிப்புக் கேட்டாச்சுக்கா, அவளுக்குத்தான் திமிர், மூணு லெட்டருக்கு ஒரு வரி பதில் இல்ல, என்றேனே. அடிப்பாவி. குழந்தை அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள், திட்டுதான் என்று நினைத்திருப்பாளா, அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வெட்கப்பட்டிருப்பாளா...

பேசிவிடலாம், பேசினால் அவளுக்குப் புரியும். துவாரகா ஸ்டேஷன் வருவதற்குள் வாட்ஸ்அப்பைத் திறந்து மைக்கை அழுத்தினேன், பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். தப்பு என்னோடதுதான் கண்ணு, அதைத்தான் சொல்ல நினைத்தேன், ஆனால் வந்தது, "ஸ்நேகா, ஏன்டி எனக்குப் பதிலே போடல?" விரல் நழுவிவிட்டது, போய்விட்டது. அழிக்கலாம் என்று தேடுவதற்குள் நீலக் குறி... கேட்டுவிட்டாள், அனுப்பிய அந்த நிமிஷமே. எட்டு மாதமாகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டா இருந்தாள்?